காற்று எடுப்பது

டீசல் முள் செத்து ஆறு வருடம்.
டேங்குக்குள் துடைப்பக் கட்டையை விட்டு
நனைந்த உயரம் பார்ப்பதுதான் எங்கள் கணக்கு.
கிரெகோரெஸில் அன்றைக்கு அதிசயமாய் மழை.
கட்டை லாரியின் கூரைமேல் கிடந்திருக்கிறது.
"கழுத்து வரைக்கும் இருக்கு, நேலிதா"
என்றான் என் புருஷன் செஃபெரினோ.
மழையை அளந்துவிட்டு வந்திருக்கிறான்.

நூற்றுப்பத்தாவது கிலோமீட்டரில்
லாரி ஒருதரம் விக்கியது.
இன்னொரு தரம்.
அப்புறம் ஏழு டன் ஆட்டுரோமம்
தன் பாரத்திலேயே கொஞ்ச தூரம் உருண்டு
சரளையில் உட்கார்ந்தது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.
முதல் சொல்லை மேற்குக் காற்று வாங்கி
கடல் பக்கம் கொண்டுபோனது.
மீதியை நானே விழுங்கிக்கொண்டேன்.
படகோனியாவில் காற்று வீசுகிறது என்று யாரும் சொல்வதில்லை.
அது நிற்கும் நாளைத்தான் சொல்வார்கள்.
மோதி ஓய ஒரு மரம் கிடையாது அதற்கு.

மூன்று மணி நேரம்.
அவன் மூச்சு விடவில்லை.
நான் ஸ்டியரிங்கின் தையலை எண்ணினேன்,
நூற்றுநாற்பத்திரண்டு.
குவனாக்கோ ஒன்று வேலியருகே வந்து
எங்களைப் பார்த்துவிட்டுப்
பிரயோஜனமில்லை என்று போனது.

பிறகு ஒரு மஞ்சள் புள்ளி.
புள்ளி பொத்தானாகி, பொத்தான் டப்பாவாகி,
டப்பா கிரேடராகி வந்து சேர நாற்பது நிமிடம்.
சாலையைச் சீவிக்கொண்டே வந்தார் ரோசமெல் ஒயார்சூன்,
எங்களுக்காகக்கூட அலகைத் தூக்கவில்லை.
ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி,
முதல் மிடறைத் துப்பி,
இருபது லிட்டர் கொடுத்தார்.
பணம் வேண்டாமாம்.
மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி ரோமம் கேட்டார்.
கேபின் ஜன்னலில் ஒரு விரிசல்,
பதினோரு வருடமாய் இடது காதில் விசில் அடிக்கிறதாம்.

டீசல் ஊற்றிவிட்டால் ஆயிற்றா?
சாவியைத் திருப்பினேன்.
ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றியது,
கிழவன் இருமுவதுபோல் சுற்றி ஓய்ந்தது.
குழாயில் காற்று.
மனுஷனுக்கு விலாவில் வாயு பிடிப்பதுபோல
வண்டிக்கும் பிடித்துக்கொள்கிறது.

வெளியே கதவைப் பிய்க்கிற காற்று.
உள்ளே, பென்சில் பருமன் குழாயில்,
கட்டைவிரல் நீளத்துக்குக் காற்று.
நிறுத்துவது இதுதான்.

அவன் கைப்பம்பில். நான் பில்டர்மேல் ஸ்பானரோடு.
இந்த வேலையை ஊமையாகச் செய்ய முடியாது.
"அடி."
அடித்தான்.
"இன்னும்."
திருகைக் கால் சுற்று தளர்த்தினேன்.
நுரை வந்தது, துப்பல் துப்பலாய்,
கோபக்காரர் பேச்சுபோல் பாதியும் வெறும் சத்தம்.
"வருதா?" என்றான்.
"வரலை."
"இப்ப?"
"குமிழி."
"இப்ப?"
அவன் தோள்பட்டை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.
எண்ணெய்க் குளிரில் விரல் மரத்தது.
கடைசிக் குமிழி திருகின் விளிம்பில் நின்று
உடையலாமா என்று யோசித்தது.
அப்புறம் டீசல்,
நூல் பிடித்ததுபோல், சத்தமில்லாமல்.
"நிறுத்து, நிறுத்து" என்று கத்தி இறுக்கினேன்.

இரண்டாவது சாவியில் ஒரு சிலிண்டர் மட்டும் எழுந்தது.
அது மற்றதை உதைத்து எழுப்பியது.
வெள்ளைப் புகை கக்கி
ஆறும் ஆளுக்கொரு தாளத்தில் உளறி
ஒருவழியாய் ஒரே பேச்சுக்கு வந்தன.
ஒயார்சூன் கையாட்டவில்லை,
ஜன்னலில் ரோமம் அடைப்பதில் இருந்தார்.

ட்ரெஸ் லாகோஸுக்கு இன்னும் அறுபது.
செஃபெரினோ கட்டையைத் தன் ஸ்வெட்டரிலேயே
மூன்று தரம் துடைத்தான்.
நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு
நாலாம் தரமும் துடைத்தான்.
விட்டு எடுத்துக் காட்டினான்:
இரண்டு விரற்கடை.

"போதுமா?" என்றான்.
"தெரியலை, ஏறு" என்றேன்.
ஏறினான்.
இறக்கத்தில் எல்லாம் நியூட்ரல் போட்டேன்,
ஒவ்வொரு மேட்டிலும்
இருவருமே கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டோம்.